நீ முதல் முறை செத்த மதியம்

பங்காளி,

நீ என்னைக் கூப்பிட்ட பெயரிலேயே உன்னைக் கூப்பிடுகிறேன். மறுத்துப் பேசத்தான் நீ இல்லையே.

இன்று காலை கச்சிராயபாளையம் சாலையில் மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஓரத்தில் மிச்சமிருந்த புளியமரங்களை மெஷின் ரம்பத்தால் அறுத்துச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைப் புளியமரம் அறுபடும்போது வரும் வாடை உனக்குத் தெரியும். அது மூக்கில் ஏறியதும் கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் என் பரம்பரை முழுவதையும் விசாரித்துவிட்டுப் போனான். நான் ஓரமாக நின்றுகொண்டேன். தை மாதம் நீ போனதிலிருந்து இவ்வளவு தெளிவாக நீ கண்முன் வந்தது இன்றுதான். அதுவும் செத்துப்போனவனாக வரவில்லை. செத்த மாதிரி படுத்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவனாக வந்தாய்.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே எதற்குச் சொல்கிறேன் என்று கேட்பாய். அன்றைக்கு நீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தாய். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை எத்தனையோ முறை சொல்லியும் நீ பாதிதான் நம்பினாய். "கத வுடாத" என்று பீடியைப் பற்ற வைத்துக்கொள்வாய். இப்போது குறுக்கே பேச வழியில்லை. முழுதாகக் கேள்.

அந்தப் பழைய ஜீப்பை நாம் இரண்டு பேரும் கூட்டாக வாங்கி, வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. மலையில் நீ, கீழே நான் என்று ஸ்டியரிங்கைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவில் எனக்குக் கை உதறும். டவுனில் யாராவது அதட்டினால் உனக்கு வாய் நீளும். நைனார்பாளையத்தில் நான் ஊர்த்தெரு, நீ காலனி. நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குள் வந்து இறங்குவது என் தெருவில் பலருடைய கண்ணை உறுத்தியது. நீ என்னைப் பங்காளி என்று கூப்பிட்டது காதில் விழுந்த அன்று என் அப்பா சோற்றில் கை கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

வழியில் யார் கை காட்டினாலும் நீ நிறுத்திவிடுவாய். எனக்கு வாய் அரிக்கும். ஆள் படியில் கால் வைப்பதற்கு முன்பே "எந்த ஊரு? யாரு வூடு?" என்று கேட்டுவிடுவேன். கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும், அந்தக் கேள்வி ஊரைப் பற்றியது இல்லை என்று. நீ என் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவாய். "மொதல்ல ஏத்திக்க. அப்பால கேட்டுக்கலாம்." ஏற்றிக்கொண்ட பிறகு நீ கேட்பதே இல்லை. அது எனக்குக் கடுப்பாக இருக்கும்.

அந்த வருடம்தான் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் சாலையில் இறங்கினார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு ஒரு வண்டி நகர முடியாமல் செய்துவிட்டார்கள். அது சின்னச் சின்ன ரோடுகளுக்கும் பரவியது. கேட்டதில் நியாயம் இருந்தது. அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை. நீகூட மலையில் டீ குடித்துக்கொண்டே சொன்னாய்: "கேக்கட்டும்பா. எங்களுக்கும் ஒரு காலத்துல கேட்டவங்க இருந்தாங்க. அதனாலதான என் தம்பி படிக்கறான்." ஆனால் கூட்டம் கூடினால், எதைக் கேட்க வந்தோம் என்பதை மறந்துவிடுகிற சிலரும் கூடவே வந்துவிடுகிறார்கள். சில ஊர்களில் காலனிப் பக்கம் குடிசைகள் எரிந்ததாகச் சேதி வந்தது. எது உண்மை, எது புரளி என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. ஜீப்பை வெள்ளிமலையிலேயே நிறுத்திவிட்டு, அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் மலைக்காரப் பெண் சின்னப்பொண்ணைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாமைக் கொல்லையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவளைக் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வீங்கித் தோல் பளபளத்தது. ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. பச்சிலை கொடுக்கிறவர் கையைக் கழுவிவிட்டு, "இது என் கையில இல்ல. கீழ கொண்டுக்கினு போங்க" என்று சொல்லிவிட்டார். ஊசி கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில்தான் இருந்தது. சின்னப்பொண்ணுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அவள் அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, நம் ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ வண்டியைக் கிளப்பிவிட்டாய்.

"கீழ நெலம தெரியுமில்ல?" என்றேன். "என்ன வுட்டுடுவாங்க. உன்ன இன்னா பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாது. நீ இங்கியே இரு, நான் ஓட்டிக்கினு போறேன்."

"வளைவுல நீ ஓட்னா, இந்தப் பொண்ணுக்குப் பாம்பே தேவலன்னு ஆயிடும்," என்றாய். "ஏறு."

மலை இறங்க ஆரம்பித்தோம். ஒவ்வொரு வளைவிலும் நீ வேகத்தைக் குறைக்காமல் திருப்பினாய். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். பின்னால் அவள் அம்மா மகளின் தலையை மடியில் வைத்து, "கண்ண மூடாத, கண்ண மூடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மலை அடிவாரத்தில், எதிரே சைக்கிளில் வந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். முன்னால் மரம் வெட்டிப் போட்டு மறித்திருக்கிறார்கள் என்றார். உடம்பு சரியில்லாதவங்க இருக்காங்க என்றோம். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"காலைல ஒரு கார்க்காரன் நெஞ்சுவலின்னு பொய் சொல்லிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டான். அதுலேர்ந்து யாரு சொன்னாலும் நம்பறதில்ல. பொணம் போற வண்டிய மட்டுந்தான் வுடறாங்க."

அவர் போன பிறகு நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். சின்னப்பொண்ணுக்கே மாலையைப் போட்டு, முகத்தை மூடிக் கொண்டுபோய்விடலாம் என்றேன். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "உசுரோட இருக்கற புள்ளைக்கு வாய்க்கட்டு கட்டச் சொல்றியா? நீயும் புள்ளகுட்டி பெத்தவன்தான?" என்றாள். எனக்கு அப்போது பிள்ளை இல்லை. ஆனாலும் தலை குனிந்துவிட்டது.

நீ ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். பிறகு சட்டையைக் கழற்றினாய். "நான் படுத்துக்கறேன். அந்தப் பொண்ணு என் தங்கச்சி, அழுது அழுது மயங்கிட்டா. எந்தச் சாவுல பொம்பளைங்க மயங்கல?"

 காலனிக்காரனான நீ, எங்கள் ஆட்கள் அரிவாளோடு நிற்கும் இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து படுக்கப்போகிறாய். ஓட முடியாது, பேச முடியாது, அடித்தால் கையைக்கூடத் தூக்க முடியாது. வேண்டாம் என்றேன். நீ வேட்டிக் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாய்.

கிழித்த கரையில் ஒரு துண்டால் உனக்கு வாய்க்கட்டு கட்டினேன். இன்னொன்றால் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். முன் கண்ணாடியில் வெள்ளிக்கிழமை மாட்டிய சம்பங்கி மாலை வாடிப்போய்த் தொங்கியது, அதைக் கழற்றி உன் நெஞ்சில் போட்டேன். வண்டி முகப்பில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினோம். உனக்காகவாவது அழச் சொன்னால், அந்த அம்மா அதற்கும் தயங்கினாள். "உனக்கும் உசுரு இருக்குதே சாமி." வாய்க்கட்டோடு நீ முணுமுணுத்தாய்: "எனக்கு அழும்மா. என் ஆயுசு கெட்டி." பிறகு என் பக்கம் கண்ணைத் திருப்பி, "நீ ஒழுங்கா மொகத்த வச்சிக்க. சிரிச்சா செத்தோம்," என்றாய். எனக்குச் சிரிப்பா வந்தது.

ஸ்டியரிங்கை நான் பிடித்தேன். மரம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. இலைகூட வாடவில்லை. இன்று காலை மூக்கில் ஏறிய அதே வாடை. அடிமரத்தின் மேல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் கையில் அரிவாள். வயல் பக்கம் ஒரு வண்டி போகும் அளவு இடம் விட்டு, அதை முள்ளால் அடைத்திருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் ஒருவன் கல்லை எடுத்தான். அப்போது அந்த அம்மா அழ ஆரம்பித்தாள்.

அதை நீ கேட்டாய், பார்க்கவில்லை. அவள் அழுதது உன்மேல் கையை வைத்து, கண் முழுக்க மகள்மேல். "என்ன வுட்டுட்டுப் போயிடாத சாமி" என்று அவள் அழுத அழுகை நடிப்பே இல்லை.  கல்லை எடுத்தவன் கீழே போட்டான். மரத்தின்மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் முள்ளை இழுத்துப் போட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவ்வளவு கோபத்தின் நடுவிலும், சாவு என்றதும் அவர்கள் உடம்பு தானாக அடங்கியது. அதை நம்பித்தான் நீ படுத்திருந்தாய்.

வண்டி முள்ளைத் தாண்டும்போது ஒருவர் கையை நீட்டி நிறுத்தினார். நடுத்தர வயது. காதில் சிவப்புக்கல் கடுக்கன். பெயர் கடைசிவரை கேட்கவில்லையே, நாம் அவரைக் கடுக்கன்காரர் என்றே சொல்லி வந்தோம்.

"யாரு தம்பி?"

"எங்க அண்ணங்க," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"எந்த ஊரு? யாரு வூடு?"

நான் உலகத்தையே கேட்ட கேள்வி, அன்றைக்கு என்னைக் கேட்டது. நைனார்பாளையம் என்றேன். வேறு யோசிக்க முடியாமல் என் அப்பா பெயரையே சொல்லித் தொலைத்தேன்.

அவர் முகம் மாறியது. "அவர எனக்கு நல்லாத் தெரியுமே. மாட்டுச் சந்தைல எவ்வளவு நாள் பழக்கம். ஆம்பளப் புள்ள ஒண்ணுதான்னு சொல்லுவாரே."

இந்தப் பக்கத்தில் எந்தப் பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், பங்காளி. உறவில் மட்டும் பொய் சொல்லக் கூடாது. எவனாவது ஒருவன் கணக்கு வைத்திருப்பான்.  உன் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்து மெல்ல நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "இவரு மூத்த தாரத்துப் புள்ளைங்க."

ஊரில் உயிரோடு இருந்த என் அம்மாவுக்கு முன்னால் அப்பாவுக்கு இன்னொரு பெண்டாட்டியைக் கட்டி வைத்தேன். அதைச் சொல்லிச் சொல்லி நீ எத்தனை வருடம் சிரித்தாய்.

கடுக்கன்காரர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். "தெரிஞ்சவங்க வூட்டுச் சாவு. தெரிஞ்சப்பறம் எப்படி இங்க உக்காந்திருக்கறது? நானும் வரேன்," என்றார். சொல்லிக்கொண்டே பின்பக்கம் ஏறி உன் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன சொல்லி இறக்குவது? வேண்டாம் என்று சொல்லக் கூடிய காரியமா அது? கும்பல் பார்த்துக்கொண்டு நின்றது. வண்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பில், நைனார்பாளையத்துக்குச் சாவுக்குப் போகிற ஓர் ஆள்.

ரோடு முழுக்கக் கிளையும் கல்லுமாகக் கிடந்தது. ஜீப் தூக்கிப்போட்டது. பிணம் குலுங்கக் கூடாதென்று அவர் குனிந்து உன் இரண்டு காலையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதைக் கண்ணாடியில் பார்த்தேன். மதிய வெயிலில் நீ வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாய். உன் கால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அவர் கை ஒரு கணம் நின்றது. உன் முகத்தைப் பார்த்தார். பிறகு சின்னப்பொண்ணைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள், அதில் ரத்தம் ஊறியிருந்தது. புடவை விலகி வீங்கிய கால் தெரிந்தது. அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். கும்பிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு சத்தம் போட்டால் போதும், பின்னால் இருந்தவர்கள் ஓடி வந்திருப்பார்கள். அவர் மறுபடி குனிந்து உன் காலைப் பிடித்துக்கொண்டார்.

சின்னசேலத்துக்கு ரோடு பிரிகிற கவட்டு வந்தது. நைனார்பாளையம் போகிறவன் அங்கே திரும்ப வேண்டும். திரும்பினால் பொய் நிற்கும், சின்னப்பொண்ணு போய்விடுவாள். நேராகப் போனால் பொய் அங்கேயே முடிந்தது. கிளச்சை மிதித்தேன். வண்டி கிட்டத்தட்ட நின்றேவிட்டது.

"நேரா போ தம்பி," என்றார் அவர் பின்னாலிருந்து. "கள்ளக்குறிச்சிக்கே போ. சீக்கிரம் போ."

கியரைப் போட்டு நேராக விட்டேன். நீ அசையவே இல்லை. அந்தக் குரலைக் கேட்டபோது என்ன நினைத்தாய் என்று பிறகு கேட்டேன். "மூக்கு அரிச்சிது," என்றாய். உன்னோடு எதையும் உருப்படியாகப் பேச முடியாது.

டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு மறியல். இது வேறு மாதிரி. டயர் எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் இளவட்டம், வெயிலிலும் புகையிலும் கண் சிவந்திருந்தது. மாலையைப் பார்த்தும் இவர்கள் துண்டை எடுக்கவில்லை. ஒருவன் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தான். பார்த்தவன் திரும்பிக் கத்தினான்.

"டேய், இவன் வெள்ளிமலை ஜீப்பு ஓட்றவன்டா. நைனார்பாளையம் காலனிக்காரன்."

இரைச்சல் நின்றது. எல்லாரும் வண்டியைச் சுற்றி வந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்தேன். அதிலும் உன் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. உன் கால்மேல் இருந்த அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிணம் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். அண்ணன் இல்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. யாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர் ஆட்களே அவர் காதில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கை எடுபட்டால் நீ முடிந்தாய். நீ முடிந்தால் அந்தப் பெண்ணும் முடிந்தாள்.

கை அங்கேயே இருந்தது, பங்காளி. இதைத்தான் நீ கதை என்றாய். நான் பார்த்தேன். விரல்கூட விலகவில்லை.

"ஆமா, அவன்தான்," என்றார் உட்கார்ந்தபடியே. "அதுக்கு இன்னா இப்ப?"

"உங்களுக்கு இவன் யாருங்க?" என்றான் எட்டிப் பார்த்தவன். வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் கேட்டான், ஆனால் கையில் கட்டை இருந்தது.

"நம்ம புள்ளைங்களுக்குப் படிப்பும் வேலையும் கேட்டு ரோட்டுக்கு வந்தம். செத்தவன் சாதி கேக்கவா மரத்த வெட்னம்? நான் இந்தச் சாவுக்குப் போய்க்கினு இருக்கறேன். வழிய வுடுங்கப்பா."

குரலை உயர்த்தவில்லை. அவன் அவரைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். உன் நெஞ்சு அப்போது ஏறி இறங்கியதா, இல்லை என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிந்ததா, தெரியவில்லை. அவன் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒதுங்கினான். எரிகிற டயரை ஒருவன் காலால் தள்ளிவிட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் நீ எழுந்து சின்னப்பொண்ணைத் தூக்கப் பாய்ந்தாய். கட்டைவிரல் கட்டு ஞாபகமில்லை. வாய்க்கட்டும் மாலையுமாக வாசலிலேயே குப்புற விழுந்தாய். அங்கே நின்ற பெண்மணி ஒருத்தி அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். நானும் அந்த அம்மாவும் சின்னப்பொண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது கடுக்கன்காரர் ரோட்டில் குந்தி உட்கார்ந்து உன் கால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது போல. பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தார்.

நீ எழுந்து அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். வாய்க்கட்டு இருந்ததால் வரவில்லை. "போப்பா. போய் அந்தப் பொண்ணப் பாரு," என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

சின்னப்பொண்ணு பிழைத்தாள். ஊசி ஏறிய பிறகும் ராத்திரி முழுக்க டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஆனாலும் பிழைத்தாள். அதற்குப் பிறகு சாமை அறுப்பு முடிந்ததும் உன் வீட்டுக்கு ஒரு மூட்டை வந்து இறங்குவது நின்றதே இல்லை.

அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் நாம் கடுக்கனைத் தேடினோம். ஜனக்கூட்டத்தைக் கண்டால் நீ வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு காதாகப் பார்த்துக்கொண்டு போவாய். மறியலுக்கென்று வேறு ஊரிலிருந்து வந்தவராக இருக்கும் என்று கடைசியில் விட்டுவிட்டோம். அப்பாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்டால் அந்த மூத்த தாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்குமே. அப்பா போய்ச் சேர்ந்தார், அந்த வழியும் அடைபட்டது. ஜீப்பும் போனது. நமக்கு மூட்டு வலி வந்தது.

உன் கெட்டி ஆயுசு தை மாதம் தீர்ந்தது. உன் மகன் கள்ளக்குறிச்சி பஸ் நிலையம் வரைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தான். மறுநாள் காலனியில் பந்தல் போட்டு உன்னைக் கிடத்தியிருந்தோம். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சின்னப்பொண்ணு பேரன் பேத்தியோடு மலையிலிருந்து இறங்கி வந்து, அவள் அம்மா அன்று அழுத அதே அழுகையை உனக்காக அழுதுகொண்டிருந்தாள். இந்த முறை கண்ணும் உன்மேல்தான்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் தனியாக இறங்கினார். காதுச் சோணை தொங்கிப்போயிருந்தது. அதில் அதே சிவப்புக்கல்.

 ஊர்த்தெரு ஆள் மாதிரி ஒருவர் காலனிச் சாவுக்கு வருகிறார் என்று மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நேராக உன் கால்மாட்டுக்கு வந்தார். உன் மனைவி யாரென்று தெரியாமல் விழித்தாள்.

"போஸ்டர்ல மூஞ்சப் பாத்தம்மா," என்றார். "இந்த மூஞ்சிய வாய்க்கட்டோட நான் முன்னாடியே பாத்திருக்கேன்."

குனிந்து உன் கால்மேல் கையை வைத்தார். அதே இடம். கட்டைவிரல் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. அந்த முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு இந்தக் கட்ட நான்தான் அவுத்தேன்," என்றார். "இந்த வாட்டி என்னால முடியாதும்மா."

அதுவரை அடக்கி வைத்திருந்தேன். அப்புறம் முடியவில்லை. உன் மகன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்து குளித்த பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"ஏறி உக்காந்து காலப் புடிச்சதுமே. பொணத்துக்கு வேர்க்குமா?"

"அப்பறம் ஏங்க எறங்கல?"

அவர் என்னை ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டவன் போலப் பார்த்தார். "அதான் ஏறிட்டனே," என்றார்.

 இன்று காலை அறுபட்ட மரத்துப் பக்கம் நின்றபோதும் அந்த வார்த்தைதான் மனதில் ஓடியது. நீ யாரையும் கேட்காமல் ஏற்றிக்கொண்டாய். அவர் யாரென்று தெரிந்த பிறகும் இறங்காமல் இருந்தார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டியவன் நான். எனக்கு இன்றைக்கும் வாய் அரிக்கிறது. யாராவது கை காட்டினால் அந்தக் கேள்வி தொண்டை வரை வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் தொடையில் ஒரு தட்டு விழுகிற மாதிரி இருக்கிறது. விழுங்கிவிடுகிறேன்.

உன்னை அடக்கம் பண்ணிய அன்று சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிடச் சொன்னார்கள். நான் மொபெட்டைக் கிளப்பி, "ஏறுங்க" என்றேன். தடியைக் குறுக்கே வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். காலனி தாண்டி, என் தெரு தாண்டி, மெயின் ரோடு வந்தது. அங்கே வண்டியை நிறுத்தித் திரும்பிக் கேட்டேன்.

"எந்த ஊருக்குங்க போவணும்?"

ஏற்றிக்கொண்ட பிறகுதான் கேட்டேன், பங்காளி.